குளிர்காலப் போர்ல பின்லாந்து சண்டை விமானம் தேடி அலைஞ்சது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் போர் பத்தி பேசறோம்?

1939 நவம்பர் 30 காலைல சோவியத் யூனியன் பின்லாந்து மேல படையெடுத்துச்சு, போர் அறிவிப்புன்னு ஒண்ணும் கிடையாது, அன்னிக்கே ஹெல்சிங்கி மேல குண்டு விழுந்துச்சு. 1940 மார்ச் 13 வரைக்கும் 105 நாள் நடந்த இந்த சண்டையைத்தான் குளிர்காலப் போர்னு சொல்றாங்க. அப்ப பின்லாந்தோட மொத்த ஜனத்தொகையே 37 லட்சம் சுமார்தான்.

பனிக்காட்டுல ஸ்கீ போட்டுட்டு நடந்த தரைச்சண்டை பத்தி நிறைய பேர் எழுதியாச்சு, அது இங்க வராது. விமானம் பத்தாம தவிச்ச ஒரு குட்டி விமானப்படை அந்த மூணரை மாசத்துல யார் யார் கதவைத் தட்டுச்சு, யார் குடுத்தாங்க, குடுத்தது எப்ப கைக்கு வந்து சேர்ந்துச்சு, இது மட்டும்தான். என் கருத்தை இப்பவே சொல்லிடறேன், பின்லாந்துக்கு அனுதாபத்துக்கு பஞ்சமே இல்ல, பணமும் எப்படியோ பொரட்டினாங்க, ஆனா நாள்தான் பத்தல. கீழ வர்ற பதில் எல்லாத்துலயும் தேதியைக் கொஞ்சம் கவனிச்சுக்கிட்டே வாங்க.

சண்டை ஆரம்பிச்ச அன்னிக்கு கையில என்ன இருந்துச்சு?

ரொம்ப கம்மி. சண்டைக்கு ஆகும்னு சொல்லக்கூடியது எல்லாம் சேர்த்து 110-ஐ ஒட்டித்தான், அதுலயும் பாதிக்கு மேல வேவு பாக்கற விமானமும் பழசும். நல்ல சண்டை விமானம்னா அது ஹாலந்து டிசைன்ல வந்த ஃபோக்கர் டி-21 மட்டும்தான். 1937-ல 7 விமானத்தை நேரா ஹாலந்துல இருந்து வாங்கி, அப்புறம் லைசென்ஸ் வாங்கி டாம்பெரெ ஊர்ல இருக்கற அரசு விமானத் தொழிற்சாலையில 35 விமானம் அவங்களே கட்டினாங்க. போர் தொடங்கினப்போ அதுல 36 விமானம் 24-வது ஸ்குவாட்ரன்ல (விமானப் பிரிவுல) ரெடியா இருந்துச்சு, கேப்டன் குஸ்தாவ் மாக்னுசன் தலைமையில, கிழக்கு எல்லைக்குப் பக்கத்துல இம்மோலாவுல.

இன்னொரு சண்டை ஸ்குவாட்ரன் 26-வது, அதுகிட்ட இருந்தது பத்து பிரிஸ்டல் புல்டாக், ரெட்டை இறக்கை வச்ச பழைய விமானம், 1930 வாக்குல வந்தது. குண்டு போடறதுக்கு பிரிட்டன்ல இருந்து 1937-38-ல வாங்கின 18 ப்ளென்ஹைம்ல மிச்சம் இருந்ததுங்க. இவ்வளவுதான். எதிர்ல சோவியத் பக்கம் ஆயிரக்கணக்குல நிக்குது.

முன்னாடியே ஏன் வாங்கி வைக்கல?

இது எனக்கு மனசு ஆறாத கேள்வி. 1930-கள் முழுக்க ராணுவ பட்ஜெட்டை பார்லிமென்ட்ல வெட்டிக்கிட்டே இருந்தாங்க, பாதுகாப்பு கவுன்சில் தலைவரா இருந்த மானர்ஹெய்ம் கேட்டு கேட்டு அலுத்துப்போய் ராஜினாமா பண்றேன்னு சொல்ற அளவுக்குப் போனார். அப்ப பிரதமரா இருந்தவர் காயாண்டர். போருக்குக் கூப்பிட்ட ஆளுங்களுக்கு யூனிஃபார்ம் பத்தாம, சொந்த சட்டையோட ஒரு பெல்ட்டும் தொப்பியில குத்திக்க ஒரு பேட்ஜும் மட்டும் குடுத்து அனுப்பினாங்க, ஜனங்க அந்த உடுப்புக்கே "மாடல் காயாண்டர்"னு பேர் வச்சிட்டாங்க. சட்டைக்கே இந்த நிலைமைன்னா விமானத்துக்கு எங்க போறது.

இன்னொரு பக்கமும் நியாயமா சொல்லணும். 1938-39-ல ஐரோப்பா முழுக்க எல்லா நாடும் விமானம் வாங்க வரிசைல நின்னுச்சு, பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் தங்களுக்கே பத்தல, அந்த நேரத்துல போய் ஒரு சின்ன நாடு ஆர்டர் குடுத்தா வரிசையோட கடைசில தான் நிக்கணும். பணம் ஒதுக்கியிருந்தாலும் சரக்கு வந்திருக்குமான்னு சொல்ல முடியாது, ஆனா 1936-லயே ஒதுக்கியிருந்தா கண்டிப்பா வந்திருக்கும், ஃபோக்கரே அதுக்கு சாட்சி.

ஃபோக்கர் அவ்வளவு நல்ல விமானமா?

பேப்பர்ல பாத்தா சுமார் தான். சக்கரம் உள்ள மடங்காது, நாலு சின்ன மெஷின்கன், சோவியத்தோட எஸ்.பி. குண்டுவீச்சு விமானமே கிட்டத்தட்ட அதே வேகத்துல ஓடும், ஐ-16 சண்டை விமானம் இதைவிட வேகம். அதனால ஆரம்பத்துல பைலட்டுங்களுக்கு தெளிவா உத்தரவு போட்டாங்க, சோவியத் சண்டை விமானத்தோட மல்லுக்கட்ட வேண்டாம், குண்டுவீச்சு விமானத்தை மட்டும் அடிங்கன்னு. இருக்கறதே 36, அதுல ஒண்ணு போனாலும் அதுக்கு பதில் வர்றதுக்கு வழி கிடையாது.

அதை எப்படி ஓட்டினாங்கங்கறதுதான் வித்தியாசம். பல நாடுங்க மூணு மூணா ஒட்டி பறந்த காலத்துல மாக்னுசன் ரெண்டு ரெண்டா, நாலு நாலா விலகி பறக்க பழக்கினார், சுடறதுல ரொம்ப கண்டிப்பா ட்ரெய்னிங் குடுத்தார், கிட்டக்க போய் சுடணும், தூரத்துல இருந்து குண்டை வீணடிக்கக் கூடாது. சோவியத் பக்கம் முதல் வாரங்கள்ல குண்டுவீச்சு விமானங்களை பாதுகாப்புக்கு சண்டை விமானம் இல்லாமலே அனுப்பினாங்க, அதுவும் ஒரே ரூட்ல போய் அதே ரூட்ல திரும்புவாங்க.

1940 ஜனவரி 6 அன்னிக்கு நடந்ததைப் பாத்தா புரியும். சோவியத்தோட டிபி-3 ரக குண்டுவீச்சு விமானம் ஏழு குண்டு போட்டுட்டு போன வழியிலயே திரும்பி வருது. ஜோர்மா சர்வன்டோன்னு ஒரு லெஃப்டினென்ட் தன் ஃபோக்கரோட பின்னாடி போய் சேர்றார், பகல் 12 மணி தாண்டி மூணு நிமிஷம். கிட்டக்க போய் இறக்கையில இருக்கற இன்ஜினையும் டாங்கையும் குறி வச்சு ஒவ்வொண்ணா அடிக்கறார், 12:07-க்குள்ள ஆறு விமானம் எரிஞ்சு விழுந்துச்சு. நாலு நிமிஷம். ஏழாவதைக் குறி வச்சப்போ கன்ல குண்டு தீர்ந்துபோச்சு. இந்தச் செய்தி உலகப் பத்திரிகை பூரா வந்துச்சு, வெளிநாட்டுல விமானம் கேட்டு அலைஞ்சவங்களுக்கு இது கையில ஒரு ஆதாரம் மாதிரி ஆச்சு, குடுத்தா வீணாகாதுன்னு காட்டறதுக்கு.

யார் யார்கிட்ட கேட்டாங்க?

கேக்காத இடம் கம்மி. இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஸ்வீடன், தென்னாப்பிரிக்கா வரைக்கும். 1939 டிசம்பர் 14-ல சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சோவியத் யூனியனை வெளியேத்துச்சு, பின்லாந்துக்கு உதவுங்கன்னு உறுப்பு நாடுகளைக் கேட்டுச்சு, அதனால கதவு திறக்கறது கொஞ்சம் சுலபமாச்சு. ஆனா கதவு திறந்த பிறகு வழி வேணுமே. பால்டிக் கடல் பக்கம் ஆபத்து, வடக்குல பெட்சமோ துறைமுகத்தை முதல் நாட்கள்லயே சோவியத் பிடிச்சிடுச்சு. மிஞ்சினது நார்வே, ஸ்வீடன் வழி மட்டும்தான்: கப்பல்ல நார்வே அல்லது ஸ்வீடன் மேற்குக் கரைக்கு வரணும், பெட்டியைப் பிரிச்சு பாகங்களை ஸ்வீடன்ல மாட்டணும், அங்கிருந்து பறந்து பின்லாந்துக்கு போகணும். பெரும்பாலான விமானத்துக்கு கடைசி பயணம் இப்படித்தான்.

இத்தாலி விமானத்தை ஜெர்மனி மறிச்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். 1939 அக்டோபர்ல, அதாவது போருக்கு முன்னாடியே, பின்லாந்து 35 ஃபியட் ஜி.50 ஆர்டர் பண்ணிச்சு. அதை ரயில்ல ஜெர்மனி வழியா அனுப்பறதா ஏற்பாடு. ஆனா ஆகஸ்ட் 23-ல தான் ஜெர்மனியும் சோவியத்தும் ஒப்பந்தம் போட்டிருந்தாங்க, போர் வெடிச்சதும் ஜெர்மனி தன் மண்ணு வழியா ஆயுதம் போகக்கூடாதுன்னு நிறுத்திடுச்சு. சரக்கைத் திருப்பி இத்தாலிக்கே கொண்டு போய், கப்பல்ல ஏத்தி, மேற்கு ஐரோப்பாவை முழுசா சுத்தி ஸ்வீடனுக்கு கொண்டு வந்து, அங்க மாட்டி... இந்த சுத்துல போனது வாரக்கணக்கு. ஆரம்பத்துலயே ஒழுங்கா வந்திருந்தா ஜனவரியிலயே ஒரு முழு ஸ்குவாட்ரன் ரெடியா இருந்திருக்கும், நடந்தது என்னன்னா பிப்ரவரி கடைசியிலதான் ஓரளவுக்கு எண்ணிக்கை சேர்ந்துச்சு. ரெண்டு விமானம் வர்ற வழியிலயே போச்சு, அதுல ஒண்ணை ஸ்வீடன்ல இருந்து கடல் தாண்டி ஓட்டிக்கிட்டு வந்தது ஹங்கேரில இருந்து வந்த ஒரு தொண்டர் பைலட், அவர் வந்து சேரவே இல்ல.

ஜி.50 இத்தாலி வெயிலுக்கு ஏத்த மாதிரி செஞ்ச விமானம், பைலட் உக்கார்ற இடம் மேல மூடி கிடையாது, மைனஸ் 30 டிகிரில அதை ஓட்டினவங்களை நினைச்சா எனக்கு இப்பவும் உடம்பு நடுங்குது. ப்ரொப்பெல்லர் கோணத்தை மாத்தற அமைப்பு குளிர்ல தகராறு பண்ணும். இருந்தாலும் ஃபோக்கரை விட வேகம், 12.7 மில்லிமீட்டர் கன், பைலட்டுங்களுக்கு பிடிச்சிருந்துச்சு.

பிரிட்டன் என்ன குடுத்துச்சு?

முதல்ல 30 கிளாடியேட்டர், 20 விலைக்கு, 10 இனாம். ஜனவரி 18-ல இருந்து பிப்ரவரி நடுவரைக்கும் வந்து சேர்ந்துச்சு. இதுவும் ரெட்டை இறக்கைதான், பிரிட்டனுக்கே அப்ப பழசு, ஆனா உடனே கிடைக்கக்கூடியது. ஐ-16-க்கும் புதுசா வந்த ஐ-153-க்கும் எதிர்ல அது திணறுச்சு, நிறைய இழந்தாங்க, கொஞ்ச நாள்லயே வேவு பாக்கற வேலைக்கு மாத்திட்டாங்க. சிலர் இதை பிரிட்டன் பழசைத் தள்ளிவிட்டுச்சுன்னு எழுதறாங்க, நான் அப்படி நினைக்கல. கையில ஒண்ணுமே இல்லாத பைலட்டுக்கு ஜனவரியில வந்த பழைய விமானம் மார்ச்ல வர்ற புதுசை விட பெருசு.

அடுத்து ப்ளென்ஹைம், ரெண்டு தவணையா 24, பிரிட்டன் விமானப்படை ஸ்டாக்ல இருந்தே எடுத்து குடுத்தது. இதுல ஒரு சிக்கல், பின்லாந்து முன்னாடி வாங்கின ப்ளென்ஹைம் ஸ்வீடன் ரக குண்டு மாட்டற மாதிரி குண்டு அறையை மாத்தி செஞ்சது, புதுசா வந்தது பிரிட்டன் அளவுக்கு செஞ்சது, அதனால கிடங்குல இருக்கற குண்டு அதுல சரியா பொருந்தல. ஒரே பேரு, ஒரே விமானம்னு நினைச்சு வாங்கினாலும் இந்த மாதிரி இடிக்கும்.

ஹரிக்கேன்தான் எல்லாரும் எதிர்பார்த்தது. 12 வாங்கினாங்க. பின்லாந்து பைலட்டுங்களே இங்கிலாந்து போய் பழகி, ஸ்காட்லாந்துல இருந்து கிளம்பி வடகடல் மேல பறந்து நார்வேயில ஸ்டவாங்கர்ல இறங்கி, ஸ்வீடன் வழியா வீட்டுக்கு கொண்டு வந்தாங்க. ரெண்டு வழியில போச்சு, பத்து வந்துச்சு. வந்தது மார்ச் முதல் வாரம் தாண்டி. 13-ஆம் தேதி போர் முடிஞ்சது. ஒரு ஹரிக்கேன் கூட அந்தப் போர்ல ஒரு குண்டு சுடல.

பிரான்ஸ்?

மோரான் சோல்னியே எம்.எஸ்.406. 50 தர்றோம்னு சொல்லி 30 வந்துச்சு, ஸ்வீடன்ல மால்மோ ஊர்ல மாட்டி, பிப்ரவரி மாசம் முழுக்க ஒவ்வொண்ணா பின்லாந்துக்கு பறந்துச்சு. அதை வச்சு 28-வது ஸ்குவாட்ரன் நடந்துச்சு, கடைசி சில வாரம் நல்லாவே சண்டை போட்டாங்க. வெளிநாட்டுல இருந்து வந்ததுல அந்தப் போருக்கு உருப்படியா உதவினது எதுன்னு கேட்டா நான் மோரானையும் ஃபியட்டையும்தான் சொல்லுவேன்.

கூடவே காட்ரோன் 714-னு ஒரு லேசான மர விமானம், 80 தர்றதா பேச்சு. கடைசில கைக்கு வந்தது ஆறு, அதுவும் போர் முடிஞ்ச பிறகு. இன்ஜின் பலம் பத்தல, கரடுமுரடான ஓடுதளத்துல ஏறவும் இறங்கவும் பிரச்சனை, கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு ஓரம் கட்டிட்டாங்க.

அமெரிக்கா நடுநிலை நாடு தானே, எப்படி வித்தாங்க?

இதுதான் இருக்கறதுலயே சிக்கலான கதை. அமெரிக்க மக்களுக்கு பின்லாந்து மேல ஒரு தனி மரியாதை, முதல் உலகப்போருக்கு அப்புறம் வாங்கின கடனை தவறாம கட்டிக்கிட்டு வந்த நாடுன்னு. டிசம்பர்ல 1 கோடி டாலர் கடன் குடுத்தாங்க, ஆனா அதை ஆயுதம் வாங்க தொடக்கூடாது, சாப்பாடு மாதிரி சாமான் மட்டும் வாங்கணும். ரூஸ்வெல்ட் இந்தப் போருக்கு நடுநிலைச் சட்டத்தை அமல்படுத்தல, அதனால தனியார் கம்பெனி விக்கறதுக்கு தடை இல்ல, ஆனா கம்பெனிகிட்ட ரெடியா விமானம் இருக்கணுமே.

அங்கதான் ப்ரூஸ்டர் வந்துச்சு. அமெரிக்க கடற்படைக்காக ப்ரூஸ்டர் கம்பெனி ஒரு சண்டை விமானம் கட்டிக்கிட்டு இருந்துச்சு, 54 ஆர்டர்ல கடற்படை கைக்கு போனது 11 மட்டும். மிச்சத்தை எங்களுக்கு இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் கழிச்சு மேம்படுத்தின மாடலா குடுங்கன்னு கடற்படை ஒதுங்கிக்கிச்சு, அந்த மிச்சம் பின்லாந்துக்கு போச்சு. டிசம்பர் 16-ல 44 விமானத்துக்கு ஒப்பந்தம். விமானம் தாங்கிக் கப்பல்ல இறங்கறதுக்கான கொக்கி, ரப்பர் படகு எல்லாத்தையும் கழட்டி, வேற இன்ஜின் மாட்டி, பெட்டியில அடைச்சு நியூயார்க்ல இருந்து நாலு தவணையா கப்பல் ஏத்தினாங்க. நார்வே துறைமுகம், அங்கிருந்து ரயில், ஸ்வீடன்ல ட்ரோல்ஹெட்டன் ஊர்ல இருக்கற சாப் தொழிற்சாலையில மாட்டி, ப்ரூஸ்டர் கம்பெனி டெஸ்ட் பைலட்டே கூட இருந்து பாத்துக்கிட்டார்.

அப்ப ப்ரூஸ்டர் போருக்கு வந்துச்சா?

இல்ல. மார்ச் 13-க்குள்ள பின்லாந்து மண்ணுல இறங்கினது விரல் விட்டு எண்ணிடலாம், சண்டையில ஒண்ணும் இறங்கல. டிசம்பர் 16-ல கையெழுத்து போட்டு, ரெண்டு கண்டம் தாண்டி, குளிர்காலக் கடல் தாண்டி மூணே மாசத்துல வந்ததே பெரிய விஷயம், அந்த ஆளுங்க யாரும் சோம்பலா இருக்கல. ஆனா போர் அதுக்கும் முன்னாடி முடிஞ்சிடுச்சு. இன்னும் நாலு வாரம் தாமதமாயிருந்தா மிச்சமும் வழியிலயே சிக்கியிருக்கும், ஏன்னா ஏப்ரல் 9-ல ஜெர்மனி நார்வேக்குள்ள புகுந்து அந்த வழியே அடைஞ்சுபோச்சு. அதுக்குள்ள சரக்கு ஸ்வீடன் வந்து சேர்ந்துட்டதால எல்லாம் பின்லாந்துக்கு கிடைச்சுது.

ஸ்வீடன் பக்கத்து நாடாச்சே, என்ன செஞ்சது?

நாடா போர்ல இறங்கல, ஆனா தொண்டர் படைன்னு ஒரு முழு ஸ்குவாட்ரனையே அனுப்பிச்சு. பேரு எஃப்-19. 12 கிளாடியேட்டர், 4 ஹார்ட் குண்டுவீச்சு விமானம், பைலட், மெக்கானிக், குண்டு, பெட்ரோல் எல்லாம் அவங்களோடது. ஜனவரி 12-ல இருந்து வடக்கு பின்லாந்து வானத்தை மொத்தமா அவங்க பாத்துக்கிட்டாங்க, அதனால பின்லாந்தோட சொந்த விமானங்களை தெற்குல குவிக்க முடிஞ்சுது. அப்ப ஸ்வீடன்கிட்டயே சண்டை விமானம் ரொம்ப கம்மி, இருந்ததுல கணிசமான பங்கைத் தூக்கி குடுத்தாங்க. கூடவே எல்லா நாட்டுச் சரக்கையும் தன் மண்ணுல மாட்டவும் கடந்து போகவும் விட்டாங்க, அது இல்லாம மேல சொன்ன எதுவுமே நடந்திருக்காது. எஃப்-19 வந்த தேதியைப் பாருங்க, ஜனவரி 12. முழுசா, ஆளோட வந்ததால வந்த அன்னிக்கே சண்டைக்கு போச்சு.

தனி ஆளுங்க யாராவது விமானம் வாங்கி குடுத்தாங்களா?

கார்ல் குஸ்தாவ் வான் ரோசன்னு ஒரு ஸ்வீடன் பிரபு, பயணிகள் விமான பைலட். ஒரு டக்ளஸ் டிசி-2 பயணிகள் விமானமும் ரெண்டு கூல்ஹோவன் விமானமும் ஏற்பாடு பண்ணி குடுத்தார். அந்த டிசி-2-ல குண்டு மாட்டற ராக் வச்சு, மேல ஒரு மெஷின்கன் வச்சு, ஒரு தடவை குண்டு போடவும் போனாங்க, அவரே ஓட்டினார். அப்புறம் அது சரக்கு, ஆள் ஏத்தற வேலைக்கு போச்சு, "ஹன்சின் யுக்கா"ன்னு பேரோட. இதே ஆள் 1969-ல ஆப்பிரிக்காவுல, நைஜீரியால இருந்து பிரிஞ்ச பியாஃப்ராவுக்காக அஞ்சு குட்டி விமானத்துல ராக்கெட் மாட்டி நைஜீரிய விமானதளங்களை அடிச்சார். விமானம் இல்லாத பக்கத்துக்கு விமானம் தேடிக் குடுக்கறதையே வாழ்நாள் வேலையா வச்சிருந்த ஆள்.

பின்லாந்து விமானத்துல ஸ்வஸ்திகா ஏன் இருக்கு?

படம் பாக்கற எல்லாரும் கேக்கறது. 1918 மார்ச் 6-ல பின்லாந்து விமானப்படைக்கு வந்த முதல் விமானத்தைப் பரிசா குடுத்தவர் எரிக் வான் ரோசன், மேல சொன்னவரோட அப்பா. அவரோட அதிர்ஷ்ட சின்னமா நீல ஸ்வஸ்திகாவை அதுல வரைஞ்சிருந்தார், படை அதையே தன் சின்னமா எடுத்துக்கிச்சு. அப்ப நாஜி கட்சியே பிறக்கல. 1945-ல விமானத்துல இருந்து எடுத்துட்டாங்க. பின்னாடி எரிக் வான் ரோசன் ஸ்வீடன்ல நாஜி அரசியல் பக்கம் போனதும் உண்மை, ஹிட்லரோட விமானப்படைத் தலைவர் கோயரிங்கோட முதல் மனைவி இவர் மனைவியோட தங்கச்சி. அதை மறைக்க வேண்டியதில்ல, ஆனா சின்னத்தோட வரலாறு வேற.

இத்தனை நாட்டு விமானத்தை வச்சு எப்படி சமாளிச்சாங்க?

மெக்கானிக்குகளைக் கையெடுத்துக் கும்பிடணும். டச்சு, பிரிட்டிஷ், இத்தாலி, பிரெஞ்சு, அமெரிக்கா, பல ஊர் விருந்தாளிங்க ஒரே வீட்டுல தங்கின மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் வேற பார்ட்ஸ், வேற துப்பாக்கி குண்டு அளவு. பிரிட்டிஷ் கன் 7.7, பிரெஞ்சு 7.5, இத்தாலி 12.7, மோரான்ல 20 மில்லிமீட்டர் பீரங்கியும் உண்டு. ஒரு தளத்துக்கு தப்பான பெட்டி போனா அன்னிக்கு அங்க இருக்கற விமானம் எல்லாம் சும்மா நிக்கும். மீட்டர் ஒண்ணு மைல்ல காட்டும், ஒண்ணு கிலோமீட்டர்ல. கையேடு ஒவ்வொண்ணும் ஒரு பாஷையில.

குளிர் அது ஒரு தனி எதிரி. உறைஞ்ச ஏரிதான் ஓடுதளம், ஃபோக்கருக்கு சக்கரத்தை எடுத்துட்டு ஸ்கீ மாட்டினாங்க, மரத்துக்கு அடியில ஒளிச்சு வச்சு, இன்ஜினை போர்வை போட்டு மூடி, கீழ ஹீட்டர் வச்சு சூடு பண்ணி தயாரா வச்சிருப்பாங்க. இதுல ஒரு லாபமும் இருந்துச்சு, ஏரி ஆயிரக்கணக்குல இருக்கற நாடு, தளத்தை தினம் மாத்தினாலும் இடத்துக்கு குறைச்சல் இல்ல, சோவியத்தால எல்லாத்தையும் தேடி அடிக்க முடியல.

எதிரி விமானத்தையும் எடுத்து ஓட்டினாங்களாமே?

ஆமா, அது ஒரு முக்கியமான வரவு. வழி தப்பி, பெட்ரோல் தீர்ந்து, அடிபட்டு ஏரியில இறங்கின சோவியத் விமானங்களை ரிப்பேர் பண்ணி தங்களோட சின்னத்தை வரைஞ்சு எடுத்துக்கிட்டாங்க, எஸ்.பி., டிபி-3, ஐ-153 எல்லாம். குளிர்காலப் போர்ல பிடிச்ச எஸ்.பி. மட்டும் எட்டு பறக்கற நிலைக்கு வந்துச்சு. 1941-ல சோவியத்தோட மறுபடி மூண்ட அடுத்த போர்ல ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்ததையும் வாங்கிச் சேர்த்தாங்க.

மொத்தத்துல கணக்கு என்ன?

105 நாள்ல பின்லாந்து விமானப்படை இழந்தது 62 விமானம். வானத்துல சுட்டு வீழ்த்தினதா அவங்க சொல்ற கணக்கு 190-க்கு மேல. இது ஒரு பக்கத்து கணக்கு, எந்த நாட்டு பைலட் கணக்கும் கொஞ்சம் கூடித்தான் இருக்கும், அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க. அதுல பாதிக்கு மேல ஃபோக்கரோட பங்கு, அதாவது போருக்கு முன்னாடியே வீட்டுல இருந்த விமானம். போர் முடிஞ்ச அன்னிக்கு பின்லாந்துகிட்ட ஆரம்பிச்சப்போ இருந்ததை விட அதிக விமானம் இருந்துச்சு. இந்த வரியை நான் முதல்ல படிச்சப்போ சந்தோஷப்படறதா வருத்தப்படறதான்னே தெரியல. கிழக்கு எல்லைல இருந்த கேரலியா பகுதியும் வீபுரி நகரமும் சோவியத் கைக்குப் போச்சு, லட்சக்கணக்கான ஜனம் வீட்டை விட்டு வெளியேறிச்சு, விமானம் மட்டும் வந்து நிக்குது.

ப்ரூஸ்டர் சிங்கப்பூர்ல தோத்துச்சே, பின்லாந்துல எப்படி ஜெயிச்சது?

மலாயா, சிங்கப்பூர்ல குடும்பம் இருந்தவங்க வீட்டுல 1941-42 ஜப்பான் படையெடுப்பு கதை கேட்டிருப்பீங்க, அங்க பிரிட்டிஷ் பக்கம் பறந்த பஃபலோ இதோட தம்பி மாடல்தான். அதுல எடை கூடிப்போச்சு, இன்ஜின் சிலது ஏற்கனவே ஓடித் தேஞ்சது, வெப்பத்துல சூடாகும், பைலட் பலர் புதுசு, எதிர்ல ஜப்பானோட நல்ல விமானம், தேர்ந்த பைலட்.

பின்லாந்துக்கு வந்தது எடை கம்மியான முதல் மாடல். அதோட அவங்க நேரம் எடுத்து அதை தங்களுக்கு ஏத்த மாதிரி ஆக்கினாங்க: மீட்டரை கிலோமீட்டருக்கு மாத்தி, பைலட் சீட்டுக்கு பின்னாடி இரும்புக் கவசம் வச்சு, தங்களோட நாட்டு குறிபாக்கற கருவியை மாட்டினாங்க. இன்ஜின் ஆயில் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு மெக்கானிக்குங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா ஒவ்வொரு சிலிண்டர்லயும் பிஸ்டன் ரிங்ல ஒண்ணை மட்டும் தலைகீழா திருப்பிப் போட்டாங்க, பிரச்சனை தீர்ந்துச்சு. 1941 ஜூன் 25-ல மறுபடி போர் மூண்டப்போ மாக்னுசனோட அதே 24-வது ஸ்குவாட்ரன் ஒரு வருஷத்துக்கு மேல பழகின ப்ரூஸ்டரோட கிளம்புச்சு. 1944 மே வரைக்கும் 459 விமானம் வீழ்த்தினதா அவங்க கணக்கு, சண்டையில இழந்த ப்ரூஸ்டர் 15. ஹான்ஸ் விண்ட் 39, இல்மாரி யூட்டிலைனன் 34 இந்த ரகத்துலயே எடுத்தாங்க. வாங்கின போருக்கு உதவாத விமானம் அடுத்த போர்ல நாட்டோட நட்சத்திரமாச்சு, காரணம் அந்தப் பதினஞ்சு மாச இடைவெளி. அந்த அடுத்த போர்ல பின்லாந்து ஜெர்மனி பக்கம் நின்னுச்சு, அதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா விமானத்தோட கதையை அதுக்காக மறைக்க முடியாது.

அப்புறம் எங்க இருந்து வாங்கினாங்க?

தடுத்த ஜெர்மனிகிட்டயே. பிரான்ஸ்லயும் நார்வேயிலயும் பிடிச்ச கர்டிஸ் ஹாக் 75 விமானம் 44, 1941-ல இருந்து வந்துச்சு. ஃபோக்கரையும் மறுபடி 50 கட்டினாங்க, முன்னாடி அதுல இருந்த மெர்குரி இன்ஜின் ப்ளென்ஹைமுக்கு தேவைப்பட்டதால இதுக்கு அமெரிக்க இன்ஜின் மாட்டி, அது முந்தினதை விட மெதுவா போச்சு. 1943 மார்ச்ல முதல் 16 மெஸ்ஸர்ஷ்மிட் 109 வந்துச்சு, கடைசி வரைக்கும் 159. எதிரிக்கு சமமான விமானம் தேவையான நேரத்துல கைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.

இதெல்லாம் இப்ப நேர்ல பாக்க முடியுமா?

முடியும். நடு பின்லாந்துல யூவஸ்கூலா நகரத்துக்குப் பக்கத்துல டிக்காகோஸ்கில விமானப்படை மியூசியம் இருக்கு. வான் ரோசனோட டிசி-2 அங்க இருக்கு, ஒரு ஃபோக்கர் டி-21 இருக்கு. பிடபிள்யூ-372 எண் போட்ட ப்ரூஸ்டரும் அங்கதான். 1942 ஜூன் 25-ல அடிபட்டு ரஷ்ய பக்கம் ஒரு ஏரியில இறங்கினது, பைலட் லவுரி பெகுரி தப்பிச்சு நடந்தே தன் ஆளுங்ககிட்ட போய் சேர்ந்தார், 1998-ல விமானத்தை வெளிய எடுத்தாங்க. அது அமெரிக்காவுல பென்சகோலா கடற்படை மியூசியத்துக்கு சொந்தம், கடனா இங்க வச்சிருக்காங்க. சீர் பண்ணாம கண்டெடுத்த நிலைமையிலயே வச்சிருக்கறதால குண்டு துளைச்ச ஓட்டை, உரிஞ்ச பெயின்ட் எல்லாம் அப்படியே தெரியும். போறவங்க அதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.